முதல் வரியில் காரியம்

சாந்தியை ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்தேன். நான் ஓய்வு பெற்ற கல்லூரியில் இப்போது தமிழ் நடத்துகிறவள். சாம்பார் வருவதற்குள் செய்தியைச் சொல்லிவிட்டாள்.

"மேடம், அலுவலகக் கடிதம் எழுதுற பாடத்தைத் தூக்கிட்டாங்க. இனிமே நாலு விடை குடுப்பாங்க, சரியானதுக்கு டிக் அடிச்சாப் போதும். திருத்துறது சுலபம்."

"அடிச்சுட்டு?"

"அடிச்சுட்டுப் பாஸ் ஆயிடுவாங்க. கடிதாசி எழுதுறதைப் போயி காலேஜ்லயா மேடம் சொல்லித் தரணும்? அது தானா வர்றதுதானே?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது காரைக்காலில் பலருக்குத் தெரியும். அன்று பாயசம் வந்ததால் சாந்தி தப்பித்தாள். ஆனாலும் கை கழுவும் இடத்தில் பிடித்துக்கொண்டேன். தானாக வருவது இருமலும் தும்மலும்தான், கடிதம் தானாக வராது என்றேன். "அப்படின்னா எழுதிக் குடுங்க மேடம், ஆண்டு மலர்ல போடுறேன்" என்று சிரித்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எழுதுகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுப் போன மறு வருடம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எங்கள் ஊரில் கல்லூரி என்று சொல்லப்பட்டது, பெரிய பள்ளிக்கூடத்துக்கும் சின்னக் கல்லூரிக்கும் நடுவில் இருந்த ஒன்று. பிள்ளைகள் அங்கே பிரெஞ்சில் படித்து முடித்துவிட்டு அலுவலகங்களில் எழுத்தர் வேலைக்குப் போவார்கள், அல்லது வியட்நாமில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனுக்குக் கப்பலேறுவார்கள். ஆட்சி கைமாறியதும் பிரெஞ்சுக்கு இருந்த கிராக்கி மெல்லக் குறைந்தது. கடைத்தெரு முதலாளிகள், "தமிழ்ல ஒழுங்கா ஒரு கடுதாசி எழுதத் தெரிஞ்ச ஆள் இருந்தா அனுப்புங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கல்லூரியில் யாருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்துப் பழக்கமில்லை. நாகப்பட்டினத்தில் படித்து, கும்பகோணத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்து, திருநள்ளாற்றில் அத்தை வீட்டில் சும்மா இருந்த என்னைக் கூப்பிட்டார்கள். என் கல்வி வரலாறு அவ்வளவுதான். அதில் சுவாரசியமாக எதுவும் நடக்கவில்லை.

என்னைக் கூப்பிட்டவர் கல்லூரித் தலைவர் லூர்துநாதன். எல்லோரும் அவரை முசே என்பார்கள். பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். சித்திரை வெயிலிலும் வெள்ளைக் கோட்டைக் கழற்ற மாட்டார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அவர் துடைக்கத் துடைக்க எதிரில் நிற்பவர் தானாகவே மன்னிப்புக் கேட்டுவிடுவார். முதல் நாளே என்னை, கல்யாணமான பெண்களைக் கூப்பிடுவதுபோல, "மதாம்" என்று கூப்பிட்டார். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றேன். "ஆயிடும், மதாம்" என்றார். ஆனது.

முதல் சில வாரங்களிலேயே வகுப்பின் லட்சணம் தெரிந்துவிட்டது. மாலை நேரக் கடற்கரையைப் பற்றி நான்கு பக்கம் எழுதச் சொன்னால் ஐந்து பக்கம் எழுதுவார்கள். அலை பேசும், நிலா நாணும். வகுப்பறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்துவிட்டது, சரிசெய்து தரவும் என்று நான்கு வரி எழுதச் சொன்னால் பேனா நகராது. அலுவலகக் கடிதம் என்றாலே அவர்களுக்கு ஒன்றுதான் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் கடித முடிவில் எழுதும் அந்த நீளமான மரியாதை வாக்கியத்தைத் தமிழாக்கி, "தங்கள்பால் அடியேன் கொண்டுள்ள உயரிய மதிப்பின் உறுதியை ஏற்றருளுமாறு" என்று தாழ்ப்பாள் கடிதத்தின் அடியில் போடுவார்கள். படிக்கும் தச்சர் பாவம்.

போலகத்திலிருந்து வந்துகொண்டிருந்த சவரிராஜ், அக்கா கல்யாணத்துக்கு விடுப்புக் கேட்டு முசேவுக்கு ஒரு கடிதம் எழுதினான். முசேவின் நலம், முசே வீட்டு அம்மாவின் நலம், போலகத்தில் பெய்த மழை, நடவு, மாப்பிள்ளை வீட்டாரின் நல்ல குணம், கோயிலில் பூசை நடக்கும் நேரம், விருந்து நடக்கும் பந்தல் எல்லாம் அதில் இருந்தன. விடுப்பு என்ற சொல் மட்டும் இல்லை. முசே அதைக் கல்யாண அழைப்பு என்றே எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை குதிரை வண்டி பிடித்துப் போலகம் போய், மாப்பிள்ளைக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்து, விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். திங்கட்கிழமை சவரிராஜ் வரவில்லை. செவ்வாய்க்கிழமை கூப்பிட்டு விசாரித்தார்.

"அக்கா கல்யாணத்துல உன்னைப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்த. நேத்து ஏன் வரல?"

"அதான் முசே, லீவு லெட்டர் குடுத்தேனே."

முசே கண்ணாடியைக் கழற்றினார்.

அன்றே அவர் எங்கள் வகுப்புக்கு வந்து கரும்பலகையின் மேல் ஓரத்தில் சாக்பீஸால் எழுதினார்: முதல் வரியில் காரியம். "நலமும் வேண்டாம், மழையும் வேண்டாம். காரியம். அப்புறம் கையெழுத்து" என்றார். அதை யாரும் அழிக்கக் கூடாது என்று ப்யூனிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

விதி போட்டால் போதுமா, கை பழக வேண்டுமே. அதற்கு நானும் முசேவுமாக ஒரு முறை வைத்துக்கொண்டோம். வகுப்பின் நடுவில் ஒரு முக்காலியைப் போடுவேன். அதுதான் அம்பகரத்தூர் பஸ்ஸின் படிக்கட்டு. கைப்பையை இடுக்கிக்கொண்டு ஒரு காலை அதன்மேல் வைத்து நிற்பேன். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார், பஸ் கிளம்பப் போகிறது. கடிதம் எழுத வேண்டிய மாணவன் ஓடி வந்து அந்தக் காரியத்தை வாயால் சொல்ல வேண்டும். "டீச்சர், சௌக்கியமா இருக்கீங்களா" என்று ஆரம்பித்தால் பஸ் போய்விடும், நானும் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். "டீச்சர், தாழ்ப்பா ஒடஞ்சு போச்சு, தச்சர அனுப்புங்க" என்று கத்தினால் அதுதான் முதல் வரி. அதை நல்ல தமிழில் எழுதினால் பாதிக் கடிதம் முடிந்தது. பக்கத்து வகுப்பு வாத்தியார் எங்கள் கூச்சலைப் பற்றி முசேவிடம் புகார் கொடுத்தார். அந்தப் புகார்க் கடிதத்தையும் வாங்கி வகுப்பில் படித்துப் பார்த்தோம். அதிலும் காரியம் கடைசி வரியில்தான் இருந்தது.

இரண்டாவது கட்டம் இன்னும் கடினம். ஒருவன் எழுதியதை இன்னொருவனிடம் கொடுப்போம். அதில் சொன்னபடி அவன் செய்ய வேண்டும், எழுதியவனிடம் எதுவும் கேட்கக் கூடாது. "எந்தக் கதவு?" என்று கேட்டுவிட்டால் கடிதம் தோற்றுப்போனது. தாழ்ப்பாள் கடிதத்தை நிஜமாகவே தச்சரிடம் அனுப்பினோம். அவர் வந்து நன்றாக இருந்த தாழ்ப்பாளைக் கழற்றிப் புதிது மாட்டிவிட்டு, உடைந்ததை அப்படியே விட்டுவிட்டுப் போனார். மறுபடியும் எழுதினோம்.

கடைசியில் முசே படிப்பார். கையில் சிவப்புப் பென்சில் இருக்கும், ஆனால் எதையும் அடிக்க மாட்டார். வேண்டாத வரி வந்தால் பென்சிலால் மேஜையில் மெதுவாக ஒரு தட்டு. அவ்வளவுதான், எழுதியவன் தாளை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பி வந்து, எந்த வரி என்று தானே தேடிக்கொள்ள வேண்டும். ஒரு தட்டும் வாங்காமல் கடிதம் முடிந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அன்று கால் தரையில் பாவாது.

தட்டு வாங்காமல் முதலில் முடித்தவள் மரி தெரேஸ்.

காரைக்காலை ஒட்டிய தருமபுரத்திலிருந்து நடந்து வருவாள். ஒல்லியான பெண், நாக்கு மட்டும் நல்ல நீளம். என் கோபத்துக்கு வாரிசு என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். அவளுடைய அப்பா பிரெஞ்சு எழுத்தை நம்பிப் பிழைத்தவர். அந்த எழுத்துக்கு வேலையில்லாமல் போனதும் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். இவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். வீடே இவள் வேலைக்குப் போகும் நாளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் தாவூது மரைக்காயர் முசேவைத் தேடி வந்தார். கப்பல் ஏஜெண்ட். சைகோனிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்குத் திரும்புகிறவர்களின் பெட்டிகள் அவர்களுக்குப் பின்னாலேயே சென்னையில் இறங்கி, ரயிலில் காரைக்காலுக்கு வந்து, இவருடைய கிடங்கில் சேரும். பெட்டி வந்திருக்கிறது என்று வீட்டுக்காரர்களுக்கு ஒரு கார்டு போட வேண்டும். அதுதான் அவருக்குத் தலைவலி.

"எங்க பழைய கணக்கப்பிள்ள கார்டு எழுதுனா, ஸலாம் சொல்லியே கார்டு ரொம்பிடுது முசே. பொட்டி வந்த விஷயத்த ஓரத்துல தலைகீழா எழுதுறாரு. ஜனங்க அதப் படிக்கிறதே இல்ல. கிடங்குல பொட்டி குமிஞ்சு கெடக்கு."

முசே தெரேஸின் பெயரைச் சொன்னார்.

"பொம்பளப் புள்ளையா?" என்று மரைக்காயர் இழுத்தார்.

"எழுத்துக்கு மீச உண்டா, முதலாளி?" என்றார் முசே.

மழைக்காலம் முடிகிறவரை தற்காலிகம், சரிப்பட்டு வந்தால் நிரந்தரம் என்று மரைக்காயர் ஒப்புக்கொண்டார். எங்கள் வகுப்பிலிருந்து கடைத்தெருவுக்கு வேலைக்குப் போன முதல் ஆள் அவள். அவள் திரும்பி வந்துவிட்டால் அடுத்து யாரையும் கூப்பிட மாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அவளுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அவள் எழுதிய கார்டுகள் போன வேகத்தில் ஆட்கள் வந்தார்கள், பெட்டிகள் நகர்ந்தன. மரைக்காயர் கடைத்தெருவில் எங்கள் கல்லூரியைப் புகழ்ந்து பேசினார் என்று கேள்விப்பட்டு எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது என்பதும் உண்மை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் மத்தியானம். முக்காலியில் காலை வைத்து நின்றுகொண்டிருந்தேன். தெரேஸ் நனைந்துகொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், நான் ஒரு ஆளக் கொன்னுட்டேன்."

முசே அறைக்கு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்து விசாரித்தோம். அவள் கொன்றதாகச் சொன்ன ஆள் ஜெயினுலாபிதீன். சைகோனில் கடை வைத்திருந்தவர். ஊருக்குத் திரும்பும்போது பெட்டியை முதல் கப்பலில் ஏற்றிவிட்டு, சிங்கப்பூரில் இறங்கிச் சரக்குப் பார்த்துவிட்டு, அடுத்த கப்பலில் வருவதாக ஏற்பாடு. ஏஜெண்டுக்கு வந்த பிரெஞ்சுக் காகிதத்தில் அது தெளிவாக இருந்தது. தெரேஸ் அவருடைய அம்மா ஹலீமா பீவிக்குக் கார்டு போட்டாள்.

"என்ன எழுதின? அப்படியே சொல்லு" என்றார் முசே.

"தங்கள் குமாரர் ஜெயினுலாபிதீன் அவர்களின் பெட்டி எங்கள் கிடங்கிற்கு வந்து சேர்ந்துள்ளது. உரிய ஆளை அனுப்பிப் பெற்றுக்கொள்ளவும்."

முசே பென்சிலை எடுத்தார். தட்டவில்லை. தட்ட அதில் எதுவும் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர் யாரானாலும் கடிதம் நலத்தில்தான் ஆரம்பிக்கும். நலம் கேட்காமல் நேராக விஷயத்தில் இறங்கும் தபால் ஒன்றே ஒன்றுதான் வீட்டுக்கு வரும். அது சாவுச் செய்தி. போதாக்குறைக்கு மகன் வரவில்லை, மகனுடைய பெட்டி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் கார்டை வாங்கி முதல் வரியைப் படித்திருக்கிறாள். இரண்டாவது வரியைக் கேட்பதற்குள் ஹலீமா பீவி நினைவு தப்பி விழுந்துவிட்டார்.

"பழைய கார்டெல்லாம் ஆளு ஊருக்கு வந்தப்புறம் வந்த பெட்டிக்கு எழுதுனது டீச்சர். அதனால யாருக்கும் ஒண்ணும் தோணல. ஆளு வராம பெட்டி மட்டும் வந்தது இதான் மொதல் தடவ" என்றாள் தெரேஸ்.

"நேராப் போயி விஷயத்தச் சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"ஆபீஸ்லேருந்து ஆள் போயிச் சொன்னாங்க டீச்சர். அதுக்கப்புறம்தான் அழுக அதிகமாயிடுச்சு."

அதுவும் எனக்குப் புரிந்தது. எழுத்தில்தான் சாவு நேராக வரும். ஆள் மூலம் வந்தால் பூசி மெழுகித்தான் வரும். "உடம்புக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்காரு, பதறாதீங்க" என்று யாராவது மெதுவான குரலில் சொன்னால், அந்த வீட்டில் துக்கத்துக்குப் பாயை விரித்துவிடுவார்கள். ஆக, எழுதினாலும் சாவு, மறுத்தாலும் சாவு. சிங்கப்பூரில் அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்று யாருக்கும் தெரியாததால் தந்தி அடித்துக் கேட்கவும் வழியில்லை.

"முதலாளி என்ன சொல்றாரு?" என்றேன்.

"காலையிலேருந்து என்னைத் திட்டவே இல்ல டீச்சர். எங்க ஆபீஸ்ல அவரு திட்டாத ஆளு கெடையாது. ஒருத்தர வேலைய விட்டு அனுப்பப்போறாருன்னாதான் திட்டுறத நிறுத்துவாரு. போன மாசம் கணக்கப்பிள்ளைய நிறுத்துறதுக்கு முன்னாடி ரெண்டு நாளு அவருக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. இன்னைக்கி எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு."

முசே குடையை எடுத்தார். "அது நான் போட்ட விதி. அவ அதுபடி எழுதியிருக்கா. நான் போய்ச் சொல்றேன். வாங்க மதாம்" என்றார்.

ஹலீமா பீவியின் தெருவில் மழையிலும் கூட்டம். வீட்டு முன்கட்டில் ஆண்கள் பாயில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். அம்பகரத்தூரிலிருந்து சம்பந்தி வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். மரைக்காயர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் தெரேஸிடம், "வாம்மா, நனையாதம்மா, உள்ள வா" என்றார். அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

முசே மரைக்காயரிடமிருந்து பிரெஞ்சுக் காகிதத்தை வாங்கி வரி வரியாகத் தமிழில் படித்துச் சொன்னார். துக்க வீட்டில் எப்படிப் பேச வேண்டுமோ அப்படி, பூசைப் பிரசங்கம் போல மெதுவாக, தலையைக் குனிந்துகொண்டு படித்தார். அவர் "அடுத்த கப்பலில் வருகிறார்" என்று வாசித்தபோது ஒரு பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிரெஞ்சுல என்ன வேணாலும் எழுதியிருக்கும். நம்ம மனசு நோகக் கூடாதுன்னு முசே மாத்திப் படிக்கிறாங்க" என்றார் இன்னொருவர். மரைக்காயர் தன் பங்குக்கு, "அல்லா மேல ஆணையா ஜெயினுல் நல்லா இருக்கான்" என்றார். சொல்லும்போது அவருக்கே அழுகை வந்துவிட்டது. கெட்டது காரியம்.

நானும் தெரேஸும் பெண்கள் இருந்த உள்கட்டுக்குப் போனோம். ஹலீமா பீவி சுவரில் சாய்ந்து கிடந்தார். பக்கத்தில் மருமகள், சின்னப் பெண், அழக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தில் தாலிக்குப் பதிலாகக் கிடந்த கருகமணியை இப்போதே கழற்றுவதா, இன்னொரு தகவல் வரட்டுமா என்று இரண்டு மூத்த பெண்கள் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவசரமாக ஹலீமா பீவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லீங்கம்மா, உங்க மகன் நல்லாத்தான் இருக்காரு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓங்கி அழுதார். "டீச்சரம்மாவே வந்துட்டாங்களே! அப்ப என் புள்ள மவுத்தானது உண்மதான்!"

கருகமணிக்காரப் பெண்களில் ஒருத்தி மருமகள் பக்கம் நகர்ந்தாள். தெரேஸ் அதைப் பார்த்தாள். என் கையை உதறினாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த பயம், பசி, மழை எல்லாம் சேர்ந்து அவளுக்குக் கோபமாக வந்தது.

"பெரியம்மா! அழுதது போதும், நான் சொல்றதக் கேளுங்க. எங்க கிடங்கு ஒழுகுது. உங்க மவன் பெட்டி மேலதான் சொட்டுது. உள்ள துணி இருக்கோ, சீலை இருக்கோ எனக்குத் தெரியாது. பூஞ்சை புடிச்சா அந்த ஆளு வந்து யாரக் கேப்பாரு? என்னத்தான் கேப்பாரு! போன தடவ வந்தப்ப சோப்புப் பெட்டி நசுங்கிப் போச்சுன்னு எங்க ஆபீஸ்ல வந்து கத்துன கத்தல இன்னும் சொல்லிச் சொல்லி மாயுறாங்க. மேசையத் தட்டுனாராம், மையக் கொட்டுனாராம். அந்தச் சண்டைக்கார மனுசங்கிட்ட நான் பேச்சு வாங்கணுமா? வண்டி அனுப்பிப் பெட்டிய எடுக்குறீங்களா இல்லையா?"

நான் அவள் வாயைப் பொத்தப் போனேன். முன்கட்டில் ஓதுவதுகூட நின்றது. இந்தப் பெண்ணை இனி காரைக்காலில் யாரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹலீமா பீவி அழுகையை விழுங்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தெரேஸை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ என் புள்ளையத் திட்டுறா" என்றார்.

மருமகள் பக்கம் நகர்ந்தவள் பின்வாங்கினாள்.

"மவுத்தானவன யாராச்சும் திட்டுவாங்களாடி?" என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார். "இவ்வளவு நேரமா வந்தவங்க எல்லாம் அவன் தங்கம், பச்சப்புள்ள, எறும்புக்கும் துரோகம் நெனைக்காதவன்னு சொன்னீங்க. அப்பவே என் ஈரக்கொல அத்துப்போச்சு. அவனப் பத்தி உள்ளத இவ ஒருத்திதான் சொல்றா. என் புள்ள இருக்கான்டி!"

மருமகள் இரண்டு கையாலும் கருகமணியைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். முன்கட்டுக்குச் செய்தி போய், அங்கே ஒரு பெரிய "அல்ஹம்துலில்லாஹ்" கேட்டது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் எந்தத் தரையிலும் உட்கார்ந்ததில்லை.

ஹலீமா பீவிக்குத் தெம்பு வந்த வேகத்தில் கோபமும் வந்தது. "என் புள்ளையச் சண்டைக்காரன்னு சொல்ல நீ யாருடி?" என்று தெரேஸைப் பிடித்துக்கொண்டார். அவளும் விடவில்லை, மை கொட்டிய கதையை மறுபடியும் சொன்னாள். கடைசியில் அந்தம்மா அவளுக்குச் சூடாகக் கஞ்சி ஊற்றிக் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை திட்டிக்கொண்டே இருந்தார். பெட்டிக்கு வண்டி போனது. ஜெயினுலாபிதீனும் பின்னால் அடுத்த கப்பலில் நல்லபடியாக வந்து சேர்ந்தார்.

நாங்கள் திரும்பும்போது மழை தூறலாகியிருந்தது. மரைக்காயர் முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். முசே குடையோடு என் பக்கத்தில் நடந்து வந்தார்.

"மதாம், முதல் வரியில் காரியம்னு எழுதினேன். யாரோட காரியம்னு எழுதாம விட்டுட்டேன்" என்றார். "பெட்டி நம்ம காரியம். அந்தம்மா காரியம் அவங்க மகன். 'உங்கள் மகன் நலம், அடுத்த கப்பலில் வருகிறார்.' அதுதான் அந்தக் கார்டுக்கு முதல் வரி. பெட்டி ரெண்டாவது வரி."

"அப்ப நலம் எழுதலாமா முசே?" என்றாள் தெரேஸ்.

"படிக்கிறவங்களுக்கு அதுதான் காரியம்னா, எழுதியே ஆகணும்."

பிறகு பலகையில் அந்த வரி "முதல் வரியில் படிப்பவரின் காரியம்" என்று மாறியது. அதற்கப்புறம் என்னிடம் படித்தவர்கள் எல்லோரும் எழுதத் தொடங்குவதற்கு முன்னால், இதைப் படிக்கப்போகிறவர் யார், அவருக்கு எதைக் குறித்துப் பயம், எதைக் குறித்து ஆசை என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும். சாந்தி, இதற்கு நான்கு விடை கொடுத்து எதில் டிக் அடிக்கச் சொல்வாய்? கேட்டுத்தான் பார்க்கிறேன்.

ஏஜெண்ட் அலுவலக வாசலுக்கு வந்தோம். தெரேஸ் படியில் ஏறவில்லை. சாப்பாட்டுத் தூக்கு உள்ளே இருக்கிறது, எடுத்துக்கொண்டு எங்களோடேயே வந்துவிடுகிறேன் என்று மெல்லச் சொன்னாள். முசே கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு மரைக்காயரிடம் பேச வாயெடுத்தார். மரைக்காயர் அவரைப் பார்க்கவே இல்லை. படியில் நின்றபடி தெரேஸ் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"என்ன மரம் மாரி நிக்கிற? கிடங்கு ஒழுகுதுன்னு தெருவுக்கே சொல்லிட்டு வந்துட்ட! என் மானம் கப்பலேறிப் போச்சு! நாளைக்கி எவன் என்னை நம்பிப் பொட்டி அனுப்புவான்? இன்னும் எத்தன கார்டு பாக்கி கெடக்கு? நீ பாட்டுக்குக் கஞ்சி குடிச்சிட்டு ஊரச் சுத்துனா யாரு எழுதுறது? உள்ள போ புள்ள! நாளைக்கி நேரம் கழிச்சு வந்தீன்னா தெரியும் சேதி!"

தெரேஸ் ஈர முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். மரைக்காயர் அவள் போன பிறகும் நிறுத்தவில்லை. எங்கள் கல்லூரியை, என்னை, முசேவை, கிடங்கின் கூரையை என்று ஒவ்வொன்றாக எடுத்துத் திட்டினார். நானும் முசேவும் தூறலில் நின்று காது குளிரக் கேட்டோம்.